முழங்காலுக்குக் கீழே சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரரை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கோட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். நகராட்சியில் பெயிண்டர் வேலை. கடலோர வார்டில் இருக்கிற அறுநூற்றுச் சொச்சம் வீடுகளின் சுவரிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கோடு போட்டவர் அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக அதே கோட்டைப் போடுகிறார், அது அழிகிறது, மறுபடி போடுகிறார். அதற்காக எங்கள் குடும்பம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கு அளவே கிடையாது.

கோட்டின் சங்கதி ரொம்ப எளிது. பெரிய புயல் கரையேறினால் கடல் தண்ணீர் ஊருக்குள் எந்த மட்டம் வரை ஏறும் என்று வானிலை ஆபீஸ்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த மட்டத்தைத் தெருவுக்கு ஒரு கல்தூண் நட்டு, அதில் ஆணியடித்துக் குறித்தார்கள். ஆணியின் மட்டத்தை ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் கொண்டுபோய்க் கோடாக இழுப்பது இவர் வேலை. ‘சிவப்புக் கோடு எச்சரிக்கை’ என்று அறிவிப்பு வந்தால் தண்ணீர் அந்தக் கோடு வரை வரலாம் என்று பொருள். கோடு முழங்காலுக்கு மேலே இருந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். கீழே இருந்தால் சாமான்களை உயரத்தில் ஏற்றிவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

ஆனால் புரியவில்லை. கோடு எல்லா வீட்டிலும் ஒரே மட்டம்தான், தரைதான் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பதை மட்டும் இந்த ஊர் ஜனங்கள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. மேட்டு வீட்டுக்குக் கணுக்காலில் கோடு விழும், பள்ளத்து வீட்டுக்கு மார்பில் விழும். உடனே பள்ளத்து வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். ஏதோ இவர் தண்டம் விதித்துவிட்ட மாதிரி.

“அவனுக்குக் கால்ல போட்டிருக்கே, எனக்கு மட்டும் இடுப்புல போட்டிருக்கே. நான் உனக்கு என்னய்யா கெடுதல் பண்ணேன்?” என்று பால்காரர் ஒரு நாள் காலையில் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டே கேட்டார்.

“நான் போடலைங்க. உங்க வீடு இருக்கற எடம் அப்படி.”

“எடத்தை நீயா அளந்தே? கோட்டைத்தானே போட்டே? கொஞ்சம் எறக்கிப் போடு. வர்றவன் போறவன்லாம் பாத்துட்டுப் போறான், மானம் போகுது.”

இப்படித்தான் எல்லாரும். ஒருத்தர் கோட்டின் மேல் சினிமா போஸ்டர் ஒட்டுவார். இன்னொருத்தர் அலமாரியைச் சுவரோரம் நகர்த்தி மறைப்பார். கோட்டை அழித்துவிட்டால் கடல் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்கிற நினைப்பு. என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கைகால் கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். “ஒருத்தனாவது நம்பறானா பாரு. ஒரே ஒருத்தன்!” நானும் சட்னி அரைத்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன். எத்தனை வருஷம்தான் ‘உம்’ கொட்டுவது?

நான் நகராட்சி ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புயல் அறிவிப்புகள் என் மிஷினில்தான் பிரதி எடுக்கப்படும். அந்தக் காகிதத்தில் இரண்டு விஷயம் இருக்கும்: காற்று எவ்வளவு வேகம், கடல் எவ்வளவு ஏறும். ஜனங்கள் காற்றை மட்டும் படிப்பார்கள். “போன தடவையை விடக் காத்துக் கம்மிதானாம்” என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான் என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கூடவே ஒரு படமும் இருக்கும். புயல் எந்தெந்தப் பக்கம் போகலாம் என்பதை விசிறி மாதிரி விரித்துக் காட்டியிருப்பார்கள். விசிறிக்குள் எங்கே வேண்டுமானாலும் கரையேறலாம் என்று அர்த்தம். இவர்களோ நடுவில் இருக்கிற மெல்லிய கோட்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, “நமக்கு ரெண்டு ஊர் தள்ளிப் போகுது, தப்பிச்சோம்” என்பார்கள். புயல் என்ன தண்டவாளத்திலா வருகிறது?

இவ்வளவு பேரையும் திட்டிவிட்டு, எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் நாத்தனாருக்கு, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடுகிற இவருடைய அக்காவுக்கு, அதே வார்டின் கடைசித் தெருவில் ஒரு வீடு உண்டு. அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுவார்கள். தெருவிலேயே பள்ளமான வீடு அதுதான். கோடு மார்பளவுக்கு இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றோம்” என்று போய்விடுவார்கள். வருஷக்கணக்கில் கீழ்ப்பகுதி பூட்டியே கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கோடு மறைந்தது. மறுநாளே அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு வேளை சாப்பிட்டு, மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள்.

“தம்பி, எப்படியும் நீதான் மறுபடி போடணும். போடறதைக் கொஞ்சம் எறக்கிப் போட்டா என்ன குடி முழுகிடும்?”

“அக்கா, அப்படியெல்லாம் பண்ணக் கூடாது. அது ஆபீஸ் மட்டம்.”

“ஊருக்கெல்லாம் நல்லவனா இரு. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் சட்டம் பேசு.” அவ்வளவுதான், அழுகை. இவருக்கு ஊரில் யார் திட்டினாலும் தாங்கும், அக்கா அழுதால் மட்டும் தாங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்க போட்டீங்க?” என்றேன்.

“முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ.”

நான் கத்தினேன். அன்றைக்கு நான் கத்தியது நாலு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். “புயல் வந்தா நேர்ல போய்ச் சொல்லிக்கலாம், இப்ப விடு” என்றார். நான் விட்டேன். அதுதான் என் தப்பு. நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் பருப்பு தீர்ந்துவிட்டது என்று பேச வேண்டியதாயிற்று. அப்புறம் மறந்தே போய்விட்டோம்.

போன வருஷம் அங்கே ஒரு தையல்காரி குடி வந்தாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அவள் புருஷன் லாரி லோடு ஏற்றுகிற வேலை செய்தவன். ஒரு நாள் என் கடைக்கு ஏதோ ஒரு காகிதத்தைப் பிரதி எடுக்க வந்தாள். நான் இன்னாருடைய மனைவி என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“கோடு போடறது உங்க வீட்டுக்காரராக்கா? நாங்க வீடு தேடும்போது தெருத்தெருவா கோட்டைப் பாத்துட்டேதான் வந்தோம். முழங்காலுக்குக் கீழ இருக்கற வீடாத்தான் வேணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒத்தக்கால்ல நின்னேன். ரொம்பச் சுத்தமான வேலைக்கா, ஒரு நூல் கூடக் கோணல் இல்ல.”

எனக்கு முகம் சுட்டது. மிச்சச் சில்லறையைக் கொடுக்கக்கூட மறந்து நின்றேன். இருபத்திரண்டு வருஷமாக இவர் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரே ஒருத்தி என் எதிரில் நிற்கிறாள். அவள் நம்பிக் குடி வந்ததோ ஊரிலேயே பொய்யான ஒரே கோட்டை! வீட்டுக்கு வந்து சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே, “சொல்லிடறேன், சொல்லிடறேன்” என்றார். சொல்லவில்லை. வருஷம் ஓடிவிட்டது.

இந்தத் தடவை அறிவிப்பு காலை ஒன்பது மணிக்கு வந்தது. மறுநாள் மதியம் கரையேறும். சிவப்புக் கோடு எச்சரிக்கை. மிஷினிலிருந்து முதல் பிரதி சூடாக வெளியே வந்தது. உடனே இவருக்குப் போன் போட்டேன்.

“அந்தப் பொண்ணைக் கெளப்பிட்டீங்களா?”

“அக்காகிட்டச் சொல்லியிருக்கேன். அவ பாத்துக்குவா.”

அண்ணிக்குப் போன் போட்டேன். அவளும் அவள் புருஷனும் புயல் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே, மாடியைப் பூட்டிக்கொண்டு முந்தின நாளே பையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். மேட்டுப் பகுதி, மூன்றாவது மாடி. “கீழ இருக்கறவகிட்டப் பாத்து இருந்துக்கம்மான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றாள். பாத்து இருந்துக்கம்மா! எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைக்கத்தான் வைத்தேன், உடைக்கவில்லை, அது என் காசு போட்டு வாங்கியது.

கடையை இழுத்து மூடிவிட்டு, ஆபீஸில் இருந்த இவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் தோளில் வேலைப் பை. வானம் அப்போது வெளுத்துத்தான் இருந்தது, காற்றும் சாதாரணம். தெருவில் சிலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பால்காரர், “கோட்டுக்காரரே, இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்டுக் கெளம்பறேன், திருப்தியா?” என்றார். எருமையை முன்னாலேயே ஓட்டிவிட்டிருந்தார். சைக்கிளில் பாத்திர மூட்டை தொங்கியது.

தையல்காரி வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் எல்லாவற்றையும் செய்து வைத்திருந்தாள். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தாள். தையல் மிஷின் பலகை மேல் ஏறியிருந்தது. துணி மூட்டைகள் அதற்கும் மேலே. கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தான். பத்து நாளைக்கு முன்னால் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆள் அசைய முடியாது.

“வாங்கண்ணா. கோட்டுக்கு மேல ஒரு சாணுக்குக் கூடவே விட்டுத்தான் எல்லாத்தையும் ஏத்தியிருக்கேன். சரியா இருக்கான்னு பாருங்க” என்றாள்.

“நீங்க கெளம்பிடறது நல்லதும்மா” என்றார் இவர்.

“எதுக்கு? கோடு முழங்காலுக்குக் கீழதானே இருக்கு? இருக்கலாம்னு அறிவிப்புல போட்டிருக்கே. இவரை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“இல்ல, இந்தப் புயல் கொஞ்சம் பெரிசு…”

“பெரிசுதான். அதனாலதானே சிவப்புக் கோடு.” நாடாவை எடுத்து வாசல் சுவரில் வைத்து அளந்தாள். “பதினாறு அங்குலம். கட்டில் இப்ப முப்பது. பாதிக்குப் பாதி மிச்சம்.”

“கோடு பழசாயிடுச்சு பாரு…”

“மூணு வருஷம்தானே ஆச்சு? உங்க அக்காதான் சொன்னாங்க.”

இவர் வழவழா கொழகொழா என்று பேசப் பேச, அவள் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் இவர் தொண்டை கிழிய விளக்கியதை எல்லாம் அவள் திருப்பி இவருக்கே விளக்கினாள். மட்டம் என்பது கடலிலிருந்து வருவது, காற்று வேறு தண்ணீர் வேறு, எல்லாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே சொல்லிவிட்டிருப்பேன். ஆனால் போட்டவர் அவர், சொல்ல வேண்டியவரும் அவர். “என்னங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றேன்.

கடைசியில் சொன்னார். குனிந்துகொண்டே சொன்னார்.

“அது பொய்க் கோடும்மா. அக்கா கேட்டான்னு எறக்கிப் போட்டேன். நெஜக் கோடு இங்க” என்று தன் மார்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். புருஷன் படுத்திருந்த உயரம் அந்தக் கைக்கு ஒன்றரை அடி கீழே இருந்தது. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. நாடாவைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, “இவரை எப்படித் தூக்கறது?” என்று மட்டும் கேட்டாள்.

இவர் ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்ட்ரெச்சர் வண்டி கேட்டார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் அடுத்த இடி விழுந்தது. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“அப்ப உங்க அக்கா வீடுன்னா கோடு எறங்கும். எங்க வீட்டுக் கோட்டை யார் சொல்லி ஏத்தினே?”

“உங்களுது சரியான மட்டம்ங்க.”

“இதையும் நேத்து வரைக்கும் சரியான மட்டம்னுதானே சொன்னே?”

பால்காரர் வெளியே போய் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். கூடவே நாலு பேருக்குச் சொல்லவும் செய்தார். பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கோட்டுக்காரன் கோடெல்லாம் டுபாக்கூர், வேண்டியவனுக்கு ஒரு கோடு, வேண்டாதவனுக்கு ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷமாக எந்த உண்மையையும் காதில் போட்டுக்கொள்ளாத ஜனங்களுக்கு இந்த ஒரு உண்மை மட்டும் எவ்வளவு வேகமாக ஏறியது, பாருங்கள்! பூட்டிய வீட்டைத் திறந்து ஒரு குடும்பம் பாயை உள்ளே கொண்டுபோனது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் தெரு நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தையல்காரிதான் வெளியே வந்தாள். “மட்டம் எதை வச்சுப் பாப்பீங்க?” என்று கேட்டாள்.

இவர் பையிலிருந்து ரசமட்டக் குழாயை எடுத்தார். கொத்தனார்கள் வைத்திருப்பதுதான். முப்பது அடி நீளம், கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர். இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். யார் சொன்னாலும் மாறாது.

“ஒரு முனையைக் குடுங்க” என்றாள். “மத்ததெல்லாம் சரியான்னு எனக்குத் தெரியணும்.”

தூணின் ஆணியிலிருந்து ஆரம்பித்தார்கள். இவர் ஆணியில் ஒரு முனையைப் பிடிக்க, அவள் முதல் வீட்டுச் சுவரில் மறு முனையைப் பிடித்தாள். தண்ணீர் ஆடி நின்றது. கோட்டின் மேல் விளிம்பு. ஒரு நூல் வித்தியாசம் இல்லை. பால்காரர் பக்கத்தில் வந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அங்கிருந்து அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பால்காரர் வீட்டுச் சுவரில் தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றதும் அவர், “குழாய்ல ஏதாவது செட்டப் பண்ணியிருக்கியா?” என்றார்.

“நீங்களே பிடிங்க” என்று தையல்காரி முனையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்தார். தூக்கினார், இறக்கினார், திருகினார். தண்ணீர் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. வேறு வழியில்லாமல் மூட்டையை மறுபடி கட்டினார். கட்டும்போதும் வாய் சும்மா இல்லை. “முன்னாடியே இந்தக் குழாயைக் காட்டியிருந்தா நான் ஏன்யா சண்டைக்கு வரப்போறேன்?” அது ஒன்று மட்டும் நியாயமான கேள்வி.

பன்னிரண்டு வீட்டிலும் கோடு சரியாக இருந்தது. பதின்மூன்றாவது வீட்டில் மட்டும் தண்ணீர், கோட்டுக்கு இரண்டரை அடி மேலே நின்றது. அந்த இடத்தில் தையல்காரி துணியில் குறிக்கிற சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது. அவள் புருஷனை ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வலியில் அவன் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. இவர் தலைப்பக்கம் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். எனக்கு இரக்கமே வரவில்லை.

மறுநாள் மதியம் சொன்ன நேரத்துக்குப் புயல் வந்தது. காற்று போன தடவையை விடக் குறைவுதான். தண்ணீர் குறையவில்லை. நாலு நாள் கழித்துப் போனபோது அண்ணி வீட்டுக் கீழ்ப்பகுதியில் சேற்றுத் தடம் சாக்கட்டிக் கோட்டுக்கு மூன்று விரல் மேலே இருந்தது. கட்டில் செங்கலை விட்டு மிதந்து போய், இறங்கும்போது கவிழ்ந்து கிடந்தது. எல்லாரும் தப்பித்தார்கள். அண்ணி மட்டும் போனில், “குடியிருந்தவளையும் கெளப்பி, ஊர் பூரா மானத்தையும் வாங்கிட்டியே தம்பி” என்றாள். இவர் போனை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா பேசும்போது அவர் போனை வைத்து நான் பார்த்ததில்லை.

தையல்காரி மிச்சச் சாமான்களை எடுக்க வந்திருந்தாள். மூன்று தெரு தள்ளி வேறு வீடு பார்த்துவிட்டாளாம். நாங்கள் இருவரும் சேற்றை வழித்து, மிஷினை வண்டியில் ஏற்றினோம். எல்லாம் முடிந்ததும் இவர் தயங்கித் தயங்கி, “என்னை மன்னிச்சிடும்மா” என்றார்.

அவள் கையைத் துணியில் துடைத்தாள். “ஊர்ல ஒருத்தர் கூட உங்க கோட்டை நம்பறதில்லன்னு உங்களுக்கு வருத்தமாமே, இந்த அக்கா சொன்னாங்க. நான் நம்பினேண்ணா. மத்தவங்க மாதிரி நானும் நம்பாம இருந்திருந்தா, அறிவிப்பு வந்தவுடனே எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். இவர், “புது வீட்டுக் கோட்டை நானே வந்து ஒரு தடவை சரிபாத்துக் குடுத்துடறேன்” என்றார்.

“வேணாம்ணா. சொந்தமா ஒரு குழாய் வாங்கிட்டேன். தூண்ல இருந்து நானே அளந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.